தகட்டுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் உங்களை எதுவும் பிடித்துத் தள்ளிவிடாது. அது எப்பேர்ப்பட்ட கொடுப்பினை என்று உங்களுக்குத் தெரியாது. இந்தக் கதையில் வருகிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்கள் ஒரு தாலி கட்டுவதற்குள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள், அவர்களும் பிற்பாடு சிரித்தவர்கள்தான்.

இனிமேல் வரப்போகிற ஒரு காலம் அது. ஒரு சித்திரை மாதத்தில் சூரியனுக்கு என்ன வந்ததோ, ஆளைத் தூக்கிப் போடுகிற மாதிரி ஒரு தும்மல் தும்மியது. அந்தத் தும்மல் பூமிக்கு வந்து மனிதர்களின் உடம்பில் மின்சாரமாகக் குடியேறிவிட்டது. நைலான் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று முடி சிலிர்க்குமே, அந்த ரக மின்சாரம்தான். ஆனால் தரையைத் தொட்டாலும் இறங்காது, குளித்தாலும் போகாது. சிலருக்கு பிளஸ், சிலருக்கு மைனஸ். பிளஸும் பிளஸும் தள்ளிக்கொள்ளும். மைனஸும் மைனஸும் அப்படியே. பிளஸும் மைனஸும் சந்தித்தால் கம்பளிப் பூச்சி ஒட்டுவது போல ஒட்டிக்கொள்ளும்.

பேசாமல் பிளஸுக்கு மைனஸைக் கட்டிவைத்திருந்தால் உலகம் சுகமாக இருந்திருக்கும். மனிதன் அப்படிச் செய்வானா? பிளஸ் என்றால் நிறைவு, மைனஸ் என்றால் குறை என்று யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டார். அவ்வளவுதான், பிளஸ் வீட்டார் பிளஸ் வீட்டில்தான் சம்பந்தம் பேசுவோம் என்று நின்றுவிட்டார்கள். ஒருவரை ஒருவர் தள்ளுகிற குடும்பங்கள் தள்ளி நின்றபடியே சத்தம் போட்டுக் கல்யாணம் பேசின. எவ்வளவு தூரம் தள்ளி உட்காருகிறார்களோ அவ்வளவு பெரிய குடும்பம் என்று பெயர்.

சாத்தூரில் அப்படி ஒரு பிளஸ் குடும்பம். அப்பா இல்லை. அம்மா சண்முகக்கனி பிளஸ். மகன் கதிர் பிளஸ். மூத்த மகள் அங்கயற்கண்ணி மட்டும் மைனஸ். அதுவும் கொஞ்ச நஞ்சமல்ல, ரெண்டு ஆளுக்கு உள்ள மைனஸ் அவள் ஒருத்தியிடம் இருந்தது. அவள் தெருவில் நடந்தால் காகிதக் கப்பும் பஸ் டிக்கெட்டும் சேலையில் ஏறிக்கொள்ளும். பூக்கடை வழியாகப் போனால் கடைக்காரர், "யம்மா, அந்தப் பக்கமாப் போ, யாவாரம் மொத்தமும் உன் பின்னால வந்துரும்" என்பார்.

வீட்டுக்குள் கதை வேறு. அம்மாவும் மகனும் ஒருவர் கையை ஒருவர் பிடிக்க முடியாது. கதிர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் அம்மா நாலடி தள்ளி நின்று அழுவாள். அக்காதான் போய் மடியில் போட்டுக்கொள்வாள். அவள் போகக்கூட வேண்டாம், அவனே பறந்து வந்து ஒட்டுவான். "என் கல்யாணத்துல நீதான்க்கா நாத்துனா முடிச்சு போடணும்" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

நாத்தனார் முடிச்சு என்றால் தெரியும்தானே? தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். அடுத்த ரெண்டையும் அவன் கூடப்பிறந்தவள், பெண்ணுக்குப் பின்னால் நின்று போட வேண்டும். அங்கயற்கண்ணி தனக்கென்று எதையும் ஆசைப்பட்டதில்லை. அந்த ரெண்டு முடிச்சுக்கு மட்டும் ஆசைப்பட்டாள்.

சம்பந்தம் கூடிவந்தது. பெண் அருள்மதி, விருதுநகர்ப் பெரிய பிளஸ் குடும்பம். தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்தது பொன்னுத்தாயி அத்தை. அத்தையைச் சுற்றி ஏழடிக்கு யாரும் நிற்க முடியாது, அவ்வளவு கௌரவம்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சண்முகக்கனி மகளைக் கூப்பிட்டாள். கூப்பிடுவதற்கு முன்னால் இடுப்பில் சேலையை முறுக்கித் தூணோடு கட்டிக்கொண்டாள். இல்லையென்றால் பேச்சை முடிப்பதற்குள் மகள் மேல் போய் விழுந்துவிடுவாள்.

"ஏ அங்கயி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லும்மா."

"மண்டபத்துல மேடைக்குப் பின்னால சாமான் அறை இருக்காம். காத்தோட்டமா இருக்குமாம்."

அங்கயற்கண்ணிக்குப் புரிந்துவிட்டது. "நான் அங்கன இருக்கணுமா?"

"பொண்ணு வீட்டுக்காரங்க, நம்ம வீட்டுல மைனஸ் யாரும் இருக்காங்களான்னு கேட்டாங்க. வாய் தவறி இல்லைன்னுட்டேன் தாயி. நாத்துனா முடிச்சுக்கு உங்க சித்தப்பா மக வடிவு இருக்கா. அவ பிளஸு."

அங்கயற்கண்ணி தம்பியைப் பார்த்தாள். கதிர் எட்டத்தில், வாசல் கதவோரம் நின்று செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான். நெடுநேரம் சரிசெய்தான். அது ஒரே ஒரு வார்தான்.

"சரிம்மா. சாமான் அறைல ஃபேன் இருக்கான்னு மட்டும் கேட்டு வை" என்றாள் அவள். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இப்போது திரவியம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளஸும் பிளஸும் தள்ளிக்கொள்கிறதே, பின் எப்படிக் கல்யாணம் நடத்துவது? அதற்கென்றே பிம்பக் கணக்கு போடுகிறவர்கள் அந்தக் காலத்தில் உண்டு. திரவியம் சார் அந்த வட்டாரத்தில் பேர்போனவர். கல்யாணத்தன்று காலையில் ஆளுயரச் செப்புத் தகடு ஒன்றை வண்டியில் கொண்டுவந்து, மணமேடையில் நிமிர்த்தி, அதிலிருந்து தரைக்குக் கம்பி இழுத்து எர்த் கொடுத்தார். மண்டபத்துக்கு வெளியே குழி தோண்டி உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். ஐயர் அந்தக் குழிக்கும் மஞ்சள் தெளிக்கச் சொன்னார், அது எதற்கென்று அவருக்கும் தெரியாது.

"இது என்னத்துக்கு சார், செம்புச் செவுரு?" என்று சமையல் மாஸ்டர் கேட்டார். சாமான் அறைக் கதவு இடுக்கில் காதை வைத்து அங்கயற்கண்ணியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எர்த் கொடுத்த தகட்டுக்கு முன்னால ஒரு பிளஸ் நின்னா, தரையில இருந்து மைனஸ் ஓடிவந்து தகடு பூராப் பரவும் மாஸ்டர். எங்கன எவ்வளவு பரவுதுன்னு கணக்குப் போட்டா தலை சுத்தும். அதுக்கு ஒரு குறுக்கு வழி. தகடே இல்லைன்னு நெனச்சுக்க. பொண்ணு தகட்டுக்கு ஒரு சாண் முன்னால நிக்கிதா? ஒரு சாண் பின்னால அவளுக்குச் சமமா ஒரு மைனஸ் நிக்கிறதா வச்சுக்க. கண்ணாடியில பிம்பம் தெரியிற மாதிரி. மாப்பிள்ளைக்கும் அதே மாதிரி ஒண்ணு, இன்னும் தள்ளி. கணக்கு சுலபமா முடிஞ்சுரும். பொண்ணு தள்ளுறத பிம்பம் இழுத்துச் சரிக்கட்டும், மாப்பிள்ளை சிரமமில்லாமக் கிட்ட வருவாரு."

"அப்ப அங்கன நெசமா யாரும் நிக்கலையா?"

"யாரும் இல்ல. கணக்குக்கு மட்டும்தான். தகட்டுக்கு முன்னால நிக்கிறவங்களுக்கு இருக்கிற மாதிரியே இருக்கும். பின்னால போய்ப் பார்த்தா காலி இடம்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். பின்பு ஞாபகம் வந்தவராக, "அப்ப பிம்பத்துக்கு எல போடணும்ல?" என்றார்.

சிரிக்காதீர்கள். அது வழக்கமாகிவிட்டது. இழுத்துச் சரிக்கட்டுகிற புண்ணியவதியைப் பட்டினி போடலாமா என்று யாரோ ஒரு கல்யாணத்தில் ஆரம்பித்து, போகப்போக எல்லாக் கல்யாணத்திலும் தகட்டுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டார்கள். அதில் மடித்த பட்டுச்சேலை, மாலை, சந்தனக் கிண்ணம், வெற்றிலைத் தட்டு. பத்திரிகையில் 'பிம்பத்தார் ஆசியுடன்' என்று அச்சடித்தார்கள். சாமான் அறை மேடைக்குப் பின்னால் இருந்ததால், அந்த நாற்காலி அங்கயற்கண்ணியின் கண்ணுக்கு நேராக இருந்தது. பட்டு நல்ல பட்டு. மயில் கழுத்து நிறம். இவ்வளவு உபசாரத்தை வாங்கிக்கொள்ள அங்கே ஒருத்தரும் இல்லை என்பதை அந்த மண்டபத்தில் கண்ணால் பார்த்தவள் அவள்தான். ஒரு மூட்டை அப்பளம் மெல்ல மெல்லக் கட்டவிழ்ந்து அவள் தோளில் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

மேளம் ஏறியது. அருள்மதியைத் தகட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஒரு சாண் என்றுதான் கணக்கு. ஆனால் தன் பிம்பம் தன்னையும் இழுக்குமே! பெண் 'டப்' என்று தகட்டில் முதுகு ஒட்டி நின்றுவிட்டாள்.

"பரவால்ல, பரவால்ல, இன்னும் நல்லது" என்று திரவியம் சார் நெற்றியைத் துடைத்தார்.

நல்லதாகத்தான் இருந்தது. கதிர் வழுக்கிக்கொண்டு வந்த மாதிரி வந்தான். ஐயர் ஏழடி தள்ளி நின்று நீட்டுக் கரண்டியில் தாலியை நீட்டினார். கதிர் வாங்கினான். 'கெட்டிமேளம்' என்றார்கள். கதிர் தாலியைப் பெண்ணின் கழுத்துக்கு நேரே கொண்டுபோனான். அப்படியே நின்றான்.

"கட்டுப்பா" என்றாள் பொன்னுத்தாயி அத்தை.

"எங்கன கட்ட? கை போகல. பின்கழுத்து தகட்டோட ஒட்டிக்கிடக்கு."

திரவியம் சார் கிட்ட வந்து பார்த்தார். அவர் கணக்கில் பெண் ஒரு புள்ளி, மாப்பிள்ளை ஒரு புள்ளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தைத் தவறில்லாமல் போட்டிருந்தார். புள்ளிக்குப் பிடரி கிடையாது. பெண்ணுக்கு உண்டு. தாலி முடிச்சு விழுகிற இடமும் அதுதான்.

"இத்தன கல்யாணம் எப்படியா நடத்துன?" என்றாள் அத்தை.

"அதெல்லாம் பதிவுக் கல்யாணம்ங்க, மோதிரம் மாத்துனாங்க. தாலிக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டது இதான் முதல் தடவ."

பெண்ணை நாலு பேர் கயிறு போட்டு முன்னால் இழுத்தார்கள். அவள் ஒரு முழம் முன்னால் வந்ததும் கதிர் மேடையை விட்டே வழுக்கி நாதஸ்வரக்காரர் மடியில் போய் உட்கார்ந்தான். விட்டார்கள். அவள் மறுபடியும் 'டப்' என்று ஒட்டினாள்.

"ஐயோ, முதுகு சில்லுன்னு இருக்குது" என்றாள் அருள்மதி.

"நாழியாறது, நாழியாறது" என்றார் ஐயர்.

"முன்பக்கமாக் கட்டிட்டா என்ன?" என்றாள் வடிவு.

அத்தை அவளை ஒரு பார்வை பார்த்தாள். "கழுத்துல தொங்குறதெல்லாம் தாலியாகுமா? ஐடி கார்டும்தான் தொங்குது."

திரவியம் சாருக்கு ஒரு யோசனை. "எதிரெதிரே ரெண்டு தகடு வச்சு, நடுவுல பொண்ணை நிறுத்திப் பார்க்கலாம். ரெண்டு பக்கமும் இழுத்தா நடுவுல நிப்பா. ஆனா பிம்பத்துக்கு அடுத்த தகட்டுல ஒரு பிம்பம் விழும், அந்தப் பிம்பத்துக்கு இந்தத் தகட்டுல ஒரு பிம்பம் விழும்..."

சமையல் மாஸ்டர் பதறி ஓடிவந்தார். "மொத்தம் எத்தன பிம்பம் சார்?"

"அதுக்கு முடிவே கிடையாது மாஸ்டர்."

"அவ்வளவு எலைக்கு ரசம் காணாது சார்!"

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். "தம்பி, உன் கணக்க மொதல்ல இருந்து சொல்லு. தகடு எதுக்கு?"

"பின்னால ஒரு மைனஸ் நிக்கிற மாதிரி ஆக்குறதுக்கு."

"நெசமாவே ஒரு மைனஸ் நின்னா?"

"தகடே வேணாம். எடுத்துறலாம். முன்னால நிக்கிறவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா ரெண்டு பேரோட பிம்பத்துக்கும் சேத்து, ரெட்டை மடங்கு மைனஸ் உள்ள ஆளா இருக்கணும். அதுக்கு நான் எங்க போவேன்?"

சண்முகக்கனி தன் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். கதிர் நாதஸ்வரக்காரர் மடியிலிருந்து எழுந்தான். அவன் காது ரெண்டும் சிவந்திருந்தன.

"எங்க அக்கா இருக்கா" என்றான். "சாமான் அறைல. நாங்கதான் உள்ள வச்சோம்."

"மைனஸா?" என்றாள் அத்தை. "மணமேடையிலயா?"

திரவியம் சார் தொண்டையைச் செருமினார். "அந்த நாற்காலியில பட்டும் சந்தனமும் வச்சிருக்கீங்களே ஆச்சி, அது யாருக்கு?"

"பிம்பத்தாருக்கு."

"பிம்பத்தாரு பிளஸா மைனஸா?"

அத்தை தன் விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தாள். இத்தனை கல்யாணத்தில் அதை ஒருத்தரும் கேட்டதில்லை.

"இவ்வளவு நாளும் மைனஸுக்கா நம்ம சந்தனம் குடுத்தோம்?"

"மைனஸுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத மைனஸுக்கு."

கதிர் மேடையைச் சுற்றிப் பின்னால் ஓடினான். சாமான் அறைக் கதவு அவன் தொடுவதற்குள் திறந்தது. அக்கா நின்றாள். தலை முதல் கால் வரை அப்பளம். மூக்கின்மேல் ஒன்று.

"நாற்காலிப் பிம்பம் கைவிட்ட பிறகுதான் அக்கா ஞாபகம் வந்துச்சாடா?" என்றாள்.

கதிர் நாலடியில் நிற்கப் பார்த்தான், முடியவில்லை. பறந்து வந்து ஒட்டினான். நடுவில் அப்பளங்கள் நொறுங்கின. "செருப்பு வாரையே பாத்துட்டு நின்னேன்க்கா. நான் ஒரு மடையன். வா."

"வர மாட்டேன்."

அப்போது தகட்டின் மறுபுறத்திலிருந்து அருள்மதியின் குரல் வந்தது. திரும்பிப் பார்க்க முடியாதவள், எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினாள். "மதினி! நான் உங்களப் பாத்ததில்ல. நீங்க இருக்கீங்கன்னே எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா இந்தத் தகட்ட மண்டபத்துப் படி ஏத்த விட்டிருக்க மாட்டேன். உங்களுக்குக் கோவம்னா கல்யாணத்த இன்னொரு நாள் வச்சுக்குவோம். ஆனா நாத்துனா முடிச்சு வேற யாரு போட்டாலும் எனக்கு வேணாம்."

அங்கயற்கண்ணி மூக்கிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தாள்.

"பிம்பத்துக்குப் போட்ட எல எனக்கு. பந்தியில, எல்லாரோடயும். சரியா?"

"சரி" என்று முதலில் சொன்னது பொன்னுத்தாயி அத்தை.

"அந்தப் பட்டும்."

"எடுத்துக்க தாயி, எடுத்துக்க, நேரம் போகுது!"

மயில் கழுத்துப் பட்டை மேலே போர்த்திக்கொண்டு, நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, பிம்பம் நிற்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த அதே இடத்தில் போய் நின்றாள். திரவியம் சார் தகட்டை உருவினார். உருவிய அதே நொடியில் அருள்மதி பின்னுக்கு வந்து அவள் மார்பில் சாய்ந்தாள். சுள்ளென்று சின்னதாக ஒரு பொறி. கதிர் முன்னாலிருந்து வந்து மோதினான். யாரும் யாரையும் தள்ளவில்லை.

தகடு வளையாது. மனுஷி வளைவாள். அங்கயற்கண்ணி தலையையும் தோளையும் பின்னால் சாய்த்து, பெண்ணின் பின்கழுத்துக்கு ஒரு கை புகுகிற அளவு இடம் விட்டாள். கதிரின் விரல்கள் அந்த இடுக்கில் வந்து முதல் முடிச்சைப் போட்டன. அப்புறம் அவள் விரல்கள். ரெண்டாவது முடிச்சை அவசரப்படாமல் போட்டாள். மூன்றாவதைப் போடும்போது கண் கலங்கி, நூல் எது, தலைமுடி எது என்று தெரியாமல் கொஞ்சம் முடியையும் சேர்த்து முடிந்துவிட்டாள்.

"ஆ... மதினி!"

"பொறுத்துக்கோ. இதுக்காக ரொம்ப நாள் காத்திருந்தேன்."

அட்சதை பறந்தது. பாதி மணமக்கள்மேல் விழுந்தது, பாதி வளைந்து திரும்பி அங்கயற்கண்ணியின் தலையில் ஏறியது. சண்முகக்கனியையும் இழுப்பு விடவில்லை. ஊர் பார்க்கிறதே என்று முதலில் தூணைப் பிடித்தாள். பிறகு, பார்த்தால் பார்க்கட்டும் என்று கையை விட்டாள். பறந்து போய் மகளின் இடது தோளில் ஒட்டினாள். கதிரின் முகம் அவளுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பெற்ற மகனின் கன்னத்தை அன்றைக்குத்தான் அவள் முதல் முதலாகத் தொட்டுப் பார்த்தாள். "சவரம் சரியாப் பண்ணலயேடா" என்று அழுதாள்.

நாலு பேரும் ஒட்டியபடியே பந்திக்கு நண்டு மாதிரி நடந்து போனார்கள். பிரித்துவிட வேண்டுமானால் தகட்டை நடுவில் சொருகலாம் என்று திரவியம் சார் சொன்னார். பாயசம் ஆகட்டும் என்றாள் அருள்மதி. சமையல் மாஸ்டர் அங்கயற்கண்ணிக்கு இலை போட்டு, முதலில் உப்பு வைத்தார், அப்புறம் மறக்காமல் கேட்டார்:

"உங்களுக்குப் பிம்பம் எதுவும் கிடையாதுல்ல?"

"இல்ல மாஸ்டர். நான் ஒரே ஆளு. அப்பளம் மட்டும் வேணாம்."

சாப்பாடு முடிந்து, தகட்டைச் சொருகி நாலு பேரையும் பிரித்த பிறகு, கை கழுவும் இடத்தில் திரவியம் சார் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். தோளில் செப்புத் தகடு.

"யம்மா, அடுத்த முகூர்த்தம் கோவில்பட்டியில. அதுவும் தாலிக் கல்யாணம். ரெண்டும் பிளஸு. நீங்க வந்து நின்னீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"அந்த வீட்டுல மைனஸ் யாரும் இல்லையா?"

"கேட்டுட்டேன்மா. இல்லைன்னு அடிச்சுச் சொல்றாங்க."

அங்கயற்கண்ணி கையைத் துடைத்தாள். பட்டைச் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான சொன்னாங்க? போயி சாமான் அறையத் தட்டிப் பாருங்க சார்."

அவர் கோவில்பட்டி மண்டபத்துக்குப் போய்ச் சாமான் அறையைத் தட்டினாராம். உள்ளேயிருந்து, "யாரு?" என்று ரெண்டு குரல் கேட்டதாம்.

என் கண்ணுகளா, நேரமாகிவிட்டது, போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் விசேஷம் நடக்கிற அன்றைக்கு எந்தக் கதவுக்குப் பின்னாலும் யாரும் உட்கார்ந்திராமல் இருக்கட்டும். போட்ட இலையெல்லாம் உண்கிற வாயுள்ளவர்களுக்கே விழட்டும். காய்ச்சல் வந்தால் ஓடி ஒட்டிக்கொள்ள ஒரு மடி உங்கள் ஒவ்வொருவருக்கும் இருக்கட்டும். உங்கள் வீட்டு முடிச்சுகள் முடியோடு சேர்ந்து விழுந்தாலும் அவிழாமல் நிற்கட்டும். நிறைய இருங்கள், கிட்டக் கிட்ட இருங்கள்.